மராகேஷ் முதல் மெர்ஸூகா வரை: அட்லஸ் மலையைக் கடந்து சகாரா மணலுக்குச் செல்லும் சாலைப் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பயணம் எந்த வழியாகச் செல்கிறது?

மொராக்கோவின் மராகேஷ் நகரில் புறப்பட்டு, உயர் அட்லஸ் மலைத்தொடரை திஸி ந் திஷ்கா கணவாய் வழியாகக் கடந்து, வர்ஸாஸாத், ஸ்கூரா, பூமல்ன் தாதெஸ், தின்கிர், எர்ஃபூத், ரிஸ்ஸானி ஆகிய ஊர்களைத் தொட்டபடி, அல்ஜீரிய எல்லைக்கு அருகிலுள்ள மெர்ஸூகா என்னும் சிற்றூரை அடைவதே இங்கே பேசப்படும் பாதை. நேர் வழியில் ஏறத்தாழ 560 கிலோமீட்டர் வரும். மெர்ஸூகாவின் கிழக்கு ஓரத்திலேயே எர்க் ஷெப்பி என்னும் மணல்மேட்டுப் பரப்பு தொடங்கிவிடுகிறது. ‘எர்க்’ என்றால் மணல் குவிந்த பாலை. ‘திஸி’ என்பது அமாஸிக் (பெர்பர்) மக்களின் மொழியில் கணவாயைக் குறிக்கும் சொல். வரைபடத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தாலே அங்கே ஏற்றமும் வளைவும் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஐந்திணை மரபில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வெம்மையில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை ஆகிவிடும். இந்தச் சாலையில் போகிறவருக்கு அந்தத் திரிபு ஒவ்வொரு மணி நேரமும் கண்ணெதிரே நடந்துகொண்டே இருக்கும்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

மராகேஷில் விற்கப்படும் பெரும்பாலான பயணத் திட்டங்கள் மூன்று பகல், இரண்டு இரவு என்ற கணக்கில் அமைந்தவை. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் மலையைக் கடந்து தாதெஸ் பள்ளத்தாக்கு வரை போவதற்கு, நிறுத்தங்களையும் சேர்த்தால், ஒரு முழுப் பகல் கழிந்துவிடும். இரண்டாம் நாள் தொத்ரா மலையிடுக்கைப் பார்த்துவிட்டு மாலைக்குள் மெர்ஸூகா சேர்ந்தாக வேண்டும். மூன்றாம் நாள் விடியற்காலையில் மணலிலிருந்து எழுந்தவுடன், வந்த வழி முழுவதையும் ஒரே மூச்சில் திரும்பிப் போக வேண்டும். அது ஒன்பது பத்து மணி நேரப் பயணம். மூன்று நாள் திட்டத்தைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் உண்மையில் குறை சொல்வது இந்த மூன்றாம் நாளைத்தான்.

நான்கு நாள் கிடைத்தால் திரும்பும் பயணத்தை இரண்டாகப் பிரிக்கலாம். ஐந்து நாள் கிடைத்தால் மெர்ஸூகாவில் இரண்டு இரவு தங்கலாம். ஓர் இரவு புழுதிக் காற்றில் போனாலும் இன்னோர் இரவு கையில் இருக்கும். மூன்று நாள்தான் முடியும் என்றால், மராகேஷுக்குத் திரும்பாமல் வடக்கே ஃபெஸ் நகரில் பயணத்தை முடிப்பது நல்லது. தூரம் பெரிதாகக் குறையாது என்றாலும், பார்த்த சாலையையே மறுபடி பார்க்கும் அலுப்பு இல்லாமல் போகும்.

இரண்டே நாளில் மெர்ஸூகா போய் வரலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மணலில் ஓர் இரவு தங்குவது பயணத்தின் ஒரு பகுதிதான். மற்ற நேரமெல்லாம் சாலையில்தான் கழியப்போகிறது. அந்தச் சாலையை அவசரமாகக் கடந்தால் பயணத்தில் மிஞ்சுவது அதிகமில்லை.

கூட்டுச் சுற்றுலா, ஓட்டுநருடன் கூடிய வண்டி, வாடகைக் கார் ஆகிய மூன்றில் எது பொருத்தம்?

தனியாகப் போகிறவர்களுக்கும் செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கும் பதினைந்து பதினாறு பேர் ஏறும் கூட்டு வேன் போதும். ஆனால் நிற்கும் இடத்தையும் சாப்பிடும் இடத்தையும் நீங்கள் தீர்மானிக்க முடியாது. கம்பளக் கடைக்கும் ஆர்கன் எண்ணெய்க் கடைக்கும் வண்டி தானாகவே திரும்பும். முன்பதிவு செய்யும்போது கூடாரத்தில் தனி அறையா பொது அறையா, ஒட்டகச் சவாரி கட்டணத்தில் அடக்கமா, மதியச் சாப்பாடு யார் செலவு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சச்சரவுகள் பெரும்பாலும் இந்த மூன்றைச் சுற்றியே எழுகின்றன.

நால்வர் சேர்ந்தால் ஓட்டுநருடன் கூடிய தனி வண்டிதான் என் தேர்வு. எந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்தக் கடையில் ரொட்டி சூடாகக் கிடைக்கும் என்பதெல்லாம் அந்த ஓட்டுநருக்கு மனப்பாடமாக இருக்கும்.

சொந்தமாக ஓட்டுவதும் சாத்தியமே. மெர்ஸூகா வரை முழுவதும் தார்ச்சாலை. நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டி தேவையில்லை, சாதாரணக் கார் போதும். ஆனால் மொராக்கோவில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஓட்டுநர்கள் மறக்கக் கூடாது. நேர்ச்சாலையில் பிரச்சினை வராது. தேநீர் குடித்துவிட்டுக் காலியான சாலையில் மறுபடி வண்டியை எடுக்கிற அந்த முதல் நிமிடத்தில்தான் கை பழக்கத்தின்படி இடப்பக்கம் போய்விடும். சொந்த நாட்டு உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை காப்பீட்டில் சேருமா என்று வாசித்துப் பாருங்கள். மண்பாதையில் இறங்கினால் காப்பீடு செல்லாது என்ற வரியும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மலைச்சாலை ஆபத்தானதா?

திஸி ந் திஷ்கா கணவாயின் உயரம் சுமார் 2,260 மீட்டர். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் என்பதால், நம்மவர்களுக்கு அந்த உயரம் புதிதல்ல. கொண்டை ஊசி வளைவுகளும் புதிதல்ல. பழைய வணிகத் தடத்தை ஒட்டி 1936-இல் பிரெஞ்சு இராணுவம் போட்ட இந்தச் சாலை, அண்மை ஆண்டுகளில் பல இடங்களில் அகலப்படுத்தப்பட்டிருக்கிறது. நீலகிரியில் வண்டி ஓட்டியவர்களுக்கு இங்கே வித்தியாசமாகத் தெரிவது மரமின்மைதான். வளைவின் ஓரத்தில் கண்ணை மறைக்கும் காடு இல்லாததால், பள்ளத்தின் ஆழம் முழுவதும் அப்படியே தெரியும்.

விதி பழையதுதான்: எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பொறுமையாக இருங்கள், தொடர்கோட்டைத் தாண்டி முந்தாதீர்கள். ஊர்களுக்குள் மணிக்கு 60, வெளிச்சாலையில் 100 கிலோமீட்டர் என்பது பொதுவான உச்ச வேகம் என்றாலும், இடையிடையே பலகைகள் அதைவிடக் குறைவாகக் கேட்கும். வேகத்தை அளக்கும் கருவியோடு காவலர்கள் நிற்பது அன்றாடக் காட்சி. சோதனைச் சாவடியில் நிறுத்தச் சொல்லும் பலகையைக் கண்டால், காவலர் கை காட்டும் வரை நின்றுவிடுங்கள்.

இருட்டிய பின் ஓட்ட வேண்டாம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காமல் சொல்வேன். விளக்கில்லாத மிதிவண்டிகள், கழுதை வண்டிகள், சாலையோரம் நடந்து போகும் பிள்ளைகள், ரிஸ்ஸானிக்கு அப்பால் ஒட்டகங்கள் என்று எதிர்ப்படும் எதுவும் உங்கள் விளக்கொளி படும் வரை கண்ணில் தெரியாது.

குளிர்காலத்தில் பனி விழுந்தால் கணவாயைத் தடுப்புக் கம்பம் போட்டு மூடிவிடுவார்கள். அன்று காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனவே திசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை போகிறவர்கள், விமானம் ஏறும் நாளுக்கு முன்னால் ஒரு நாளையாவது காலியாக விட்டு வைக்க வேண்டும். 2023 செப்டம்பர் 8 அன்று இந்த மலைத்தொடரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் மேற்கிலுள்ள திஸி ந் தெஸ்ட் கணவாய்ச் சாலைதான் மிகுந்த சேதத்துக்கு உள்ளானது. குறுக்குவழி என்று நினைத்து அந்தப் பக்கம் திரும்புவதற்கு முன், சாலை நிலையை மராகேஷிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வளைவுகளில் வாந்தி வருமே?

வரும். உயரம் அதற்குக் காரணமல்ல; திருப்பங்களே காரணம். காலையில் வயிறு முட்டச் சாப்பிடாமல், முன்னிருக்கையிலோ முன் சக்கரத்துக்கு அருகிலோ உட்கார்ந்து, கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுத் தொலைவைப் பாருங்கள். மாத்திரை போடும் வழக்கமுள்ளவர்கள் புறப்படுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு அதனால் பெரிய பயன் இல்லை.

மலையைத் தாண்டியதும் நிலம் ஏன் இப்படி மாறிவிடுகிறது?

அட்லான்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைத்தொடரில் மோதி மேலெழுந்து குளிர்ந்து, தன்னிடமுள்ள நீரை வடமேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. கணவாயைத் தாண்டி இறங்குவது உலர்ந்த காற்று மட்டுமே. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் நனையும்போது நம் பக்கம் காய்வதற்கும் இதுதான் காரணம். மழைமறைவுப் பகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இங்கே இரண்டு மணி நேரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். ஏறும் பக்கத்தில் வாதுமை மரமும் படிக்கட்டு வயலும் இருக்கும். இறங்கும் பக்கத்தில் செம்மண் நிறப் பாறையும், ஆற்றுப்படுகையை ஒட்டி ஒரு நூல் போலப் பசுமையும் இருக்கும். ஊர்களின் நிறமும் நிலத்தின் நிறமும் ஒன்றாகவே தெரியும், ஏனென்றால் சுவர்கள் அந்த மண்ணையே இடித்துக் கெட்டித்துக் கட்டியவை.

பாலை என்றதும் மணலை மட்டும் கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் வழியில் ஏமாந்து போவதுண்டு. சகாராவில் மணல்மேடுகள் சிறுபகுதியே. பெரும்பகுதி கல்லும் சரளையும் பரந்த கட்டாந்தரை. தின்கிரைத் தாண்டிய பிறகு இருநூறு கிலோமீட்டருக்கு நீங்கள் பார்ப்பது அதுதான். எர்க் ஷெப்பியின் மேடுகள் அந்தத் தட்டைக்குப் பின்னாலிருந்து, ஏதோ தவறுதலாக வைத்துவிட்டுப் போனது போல, திடீரென்று எழுந்து நிற்கும். அவற்றில் உயரமானவை 150 மீட்டரை எட்டும்.

வழியில் எங்கெங்கே நிற்க வேண்டும்?

எல்லா இடத்திலும் நின்றால் எங்கும் போய்ச் சேர முடியாது. நேரம் குறைவாக இருந்தால் மூன்று இடங்கள் போதும்.

முதலாவது ஐத் பென்ஹாது. வர்ஸாஸாத்துக்கு முப்பது கிலோமீட்டர் முன்னால், ஆற்றின் மறுகரையில், சுவர் சூழ்ந்த மண்கோட்டைக் கிராமம் ஒன்று குன்றின்மேல் ஏறி நிற்கிறது. 1987-இல் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தது. மதிய வெயிலில் இதன் சுவர்கள் வெளுத்துப் போய்த் தட்டையாகத் தெரியும். முற்பகலிலோ மாலையிலோ பார்த்தால் மண்ணில் கலந்த வைக்கோல்துண்டு ஒவ்வொன்றும் நிழலோடு மின்னும். மழை பெய்யும்போதெல்லாம் இந்தச் சுவர்கள் கொஞ்சம் கரைகின்றன. ஆள் இருந்து பூசிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். ஆளில்லாத வீடுகள் மூலையிலிருந்து மெழுகுபோல் உருகியிருப்பதை மேலே ஏறும் வழியிலேயே காணலாம்.

இரண்டாவது தின்கிருக்கு அருகிலுள்ள தொத்ரா மலையிடுக்கு. முந்நூறு மீட்டர் வரை எழும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் ஓரிடத்தில் பத்து மீட்டர் அளவுக்கு நெருங்கி வருகின்றன. நடுவே ஓடும் தண்ணீர் கணுக்கால் அளவுதான், ஆனால் கோடையிலும் சில்லென்று இருக்கும். வண்டியிலிருந்தபடி பார்த்துவிட்டுத் திரும்பாமல், இறங்கி அரை மணி நேரமாவது நடந்து போங்கள்.

மூன்றாவது இடத்தைப் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். எர்ஃபூத்துக்குச் சற்று முன்பு, சமவெளியில் பெரிய கரையான் புற்றுகள் வரிசை பிடித்து நிற்பது போல மண்மேடுகள் தெரியும். அவை ‘கெத்தாரா’ எனப்படும் நிலத்தடி வாய்க்கால்களின் வாய்கள். மலையடிவார நிலத்தடி நீரை, எந்த இயந்திரமும் இல்லாமல், சரிவை மட்டும் நம்பிப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு மண்ணுக்கடியிலேயே கொண்டுவந்து வயலில் சேர்த்தார்கள். தோண்டவும் தூர் வாரவும் இடைவெளி விட்டு வெட்டிய துளைகளைச் சுற்றிக் கொட்டிய மண்தான் இந்த மேடுகள். மடையும் வாய்க்காலும் அறிந்த ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது மண்கோட்டையைவிட நெருக்கமாகத் தோன்றலாம்.

மற்றவற்றை நேரம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். வர்ஸாஸாத்துக்கு அருகே சூரிய மின்நிலையத்தின் கோபுர உச்சி பகலிலேயே விளக்குப்போல் எரிவது சாலையிலிருந்து தெரியும். கலாத் ம்கூனாவில் மே மாதம் ரோஜா அறுவடை நடக்கும். எர்ஃபூத்தில் 36 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கடல் உயிரிகளின் புதைபடிவங்களை மேசையாகவும் கிண்ணமாகவும் தீட்டி விற்கிறார்கள். முழுமையாகவும் குறையே இல்லாமலும் இருக்கும் ட்ரைலோபைட்டை (அழிந்துபோன, ஓடுடைய கடல் உயிரியின் புதைபடிவத்தை) கண்டால் உருப்பெருக்கியால் பாருங்கள், நுண்ணிய காற்றுக்குமிழிகள் தெரிந்தால் அது பிசினில் வார்த்த போலி.

மெர்ஸூகாவுக்குப் பதில் ஸாகோராவுக்குப் போகலாமா?

இரண்டே நாள் உள்ளவர்களுக்கு விற்கப்படுவது தெற்கிலுள்ள ஸாகோரா என்னும் ஊர். திரா ஆற்றுப் பள்ளத்தாக்கின் பேரீச்சந்தோப்புகள் வழியாகப் போகும் சாலை மிக அழகானது. ஆனால் ஸாகோராவைச் சுற்றியுள்ள மணல் சிறு மேடுகளே. பெரிய மேடுகள் வேண்டுமென்றால் இன்னும் தெற்கே மஹமீத் வரை போய், அங்கிருந்து நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியில் பாதையற்ற நிலத்தில் எர்க் ஷிகாகாவுக்குச் செல்ல வேண்டும். கூட்டம் பிடிக்காதவர்கள், கூடுதல் நாளும் பணமும் இருந்தால், அதையே தேர்ந்தெடுக்கலாம்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

அக்டோபர், நவம்பர், மார்ச் பிற்பகுதி, ஏப்ரல். அக்டோபரில் பேரீச்சை அறுவடை நடக்கும். வசந்தத்தில் மலை பசுமையாக இருக்கும், ஆனால் புழுதிக் காற்றும் அப்போதுதான் அதிகம். சூலை, ஆகஸ்டில் மெர்ஸூகாவின் பகல் வெப்பம் 45 பாகையை எட்டுவது வழக்கம்; அப்போது குழந்தைகளோடு போகவே கூடாது. சனவரியில் பகல் இதமாக இருந்தாலும் இரவு உறைநிலையைத் தொட்டுவிடும்.

பாலையில் மழை வராது என்று நினைத்துவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் தென்கிழக்கு மொராக்கோவில் கொட்டிய மழையில், பல பத்தாண்டுகளாக வறண்டு கிடந்த இரிக்கி ஏரியில் தண்ணீர் நின்றது. சாலை ஆற்றுப்படுகையைக் கடக்கும் தாழ்வான இடங்களில் கலங்கிய நீர் ஓடினால், ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் வண்டியை இறக்காதீர்கள். உங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, மலையில் பெய்த மழை காட்டாறாக இங்கே வந்து சேர்ந்துவிடும்.

ரமலான் மாதத்தில் போனால், மதியம் திறந்திருக்கும் உணவகங்கள் குறைவு என்பதையும், அந்த மாதம் நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மணலில் தங்கும் இரவு எப்படி இருக்கும்?

மாலையில் ஒட்டகத்திலோ வண்டியிலோ கூடாரத்துக்குப் போவீர்கள். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் நிமிர்த்தும். ஏறியவர் முன்பக்கம் தலைகுப்புறச் சாய்வார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உடம்பைப் பின்னால் சாய்த்து வைப்பவர் தப்பிப்பார். முக்கால் மணி நேரச் சவாரிக்குப் பிறகு தொடை வலிக்கும். முதுகுவலி உள்ளவர்கள் தயங்காமல் வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

மேட்டில் ஏற விரும்பினால், காற்று வீசும் பக்கத்துச் சரிவில் முகட்டை ஒட்டி நடங்கள். அங்கே மணல் இறுகியிருக்கும். மறுபக்கச் சரிவில் ஓரடி வைத்தால் அரையடி வழுக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பவர்களுக்குச் சூரியன் மறைந்த அரை மணியில் ஒரு வியப்பு காத்திருக்கிறது: மேல்மணல் குளிர்ந்துவிடும், பாதத்தை ஒரு சாண் புதைத்தால் உள்ளே பகலின் சூடு இன்னும் இருக்கும்.

மெர்ஸூகா மேடுகளுக்கு மேற்கே இருப்பதால், மாலை வெயில் மணலின்மேல் நேராக விழும். காலையில் சூரியன் மேடுகளுக்குப் பின்னாலிருந்து எழும். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் காலையைச் சொல்வேன், அப்போது காற்று ஓய்ந்திருக்கும். இரவில் ஊர்ந்துபோன வண்டுகளின் தடம் கலையாமல் இருக்கும். நட்சத்திரங்களுக்காகவே போகிறவர்கள் அமாவாசையை ஒட்டிய நாளைத் தேர்ந்தெடுங்கள். பௌர்ணமியில் மணல் அழகாக இருக்கும், வானம் வெறுமையாக இருக்கும்.

என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

காலையில் மலையிலும் இரவில் மணலிலும் கம்பளிச்சட்டை தேவைப்படும். இடைப்பட்ட பகலில் தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டையே சுகம். முகத்தைச் சுற்றிக் கட்ட நீளமான துணி ஒன்று வேண்டும். நம் வேட்டித் துண்டே போதும். பெரிய பெட்டியை மராகேஷ் விடுதியில் வைத்துவிட்டு, இரண்டு நாள் துணியை முதுகுப்பையில் எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியையும் கேமராவையும் மூடும் நெகிழிப்பையை மறக்காதீர்கள். மின்னேற்றும் துளையில் புகுந்த மணலை ஊசியால் கிளறிக்கொண்டு ஒரு முழு மாலையைக் கழித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ஒரே மாதிரியாகக் கிடைக்கும். கூம்பு மூடி போட்ட மண்சட்டியில் மெதுவாக வேகும் காய்கறித் தஜீன், கூஸ்கூஸ், ரொட்டி, பருப்பு, ஆலிவ், புதினாத் தேநீர் ஆகியவற்றைச் சுற்றியே மூன்று நாளும் ஓடும். கறிச்சாற்றில் வேகவைத்துவிட்டு, மேலே இறைச்சி இல்லாததால் சைவம் என்று கொடுப்பதும் உண்டு. ‘ஹரிரா’ சூப்பில் இறைச்சி சேர்ப்பது இயல்பு. முன்பதிவின்போதே சொல்லி வையுங்கள், சட்டி அடுப்பில் ஏறும் முன் மறுபடி சொல்லுங்கள். அரபியில் ‘ப்லா ல்ஹம்’ என்றாலும் பிரெஞ்சில் ‘ஸான் வியாந்த்’ என்றாலும் ‘இறைச்சி இல்லாமல்’ என்று பொருள். ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று பையில் இருந்தால் மூன்றாம் நாள் அதன் அருமை தெரியும்.

பணம், எரிபொருள், அவசர உதவி?

மொராக்கோ நாணயமான திர்ஹமை ரொக்கமாக வைத்திருங்கள். வர்ஸாஸாத், தின்கிர், எர்ஃபூத், ரிஸ்ஸானி ஆகிய ஊர்களில் பணம் எடுக்கும் இயந்திரங்கள் உண்டு. மெர்ஸூகாவை நம்பி வர வேண்டாம். எரிபொருள் பாதித் தொட்டிக்குக் குறையும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள். டீசலை அங்கே ‘கஸ்வால்’ என்பார்கள். நகர்ப்புறக் காவல்துறைக்கு 19, ஊர்ப்புறச் சாலைகளைக் கவனிக்கும் ஜான்தார்மரிக்கு 177, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 15. மலையிடுக்குகளில் சமிக்ஞை விட்டுவிட்டு வரும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபெஸ் வழியாகத் திரும்பினால் என்ன இருக்கிறது?

மெர்ஸூகாவிலிருந்து ஃபெஸ் ஏறத்தாழ 470 கிலோமீட்டர். எர்ஃபூத்தைத் தாண்டியதும் சாலை மேட்டில் ஏறும். கீழே ஸிஸ் ஆற்றின் பேரீச்சந்தோப்பு பச்சை வெள்ளம் போல வளைந்து கிடப்பதைப் பார்க்க, ஓரத்தில் வண்டியை நிறுத்த இடம் உண்டு. பிறகு எர்ரஷீதியா, ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன மிதெல்த், அதற்கு அப்பால் 2,178 மீட்டர் உயரத்தில் ஸாத் கணவாய். திஷ்காவைப் போலவே இதுவும் பனியில் மூடப்படக்கூடியது என்பதை மறக்க வேண்டாம். அஸ்ரூவுக்கு அருகே தேவதாரு இனத்து செடார் மரக்காட்டில் வாலில்லாக் குரங்குகள் சாலையோரம் வந்து உட்கார்ந்திருக்கும், உணவு கொடுக்காதீர்கள். காலையில் மணலில் மிதித்த செருப்பை அங்கே உதறினால், எர்க் ஷெப்பியின் செம்மணல் கொஞ்சம் செடார்ச் சருகின்மேல் விழும்.